மூப்பு முறைப்படி ஒரு குருவி

பகவதிப்பெருமாள் பிள்ளை தம் வீட்டுக் கிணற்றடியில் ஒரு குருவியைக் கண்டதில் குற்றம் ஒன்றும் இல்லை. கண்ணிருக்கிறவன் காண்கிறான். கண்டதை ஆபீஸில் போய்ச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் சனி பிடரியில் ஏறி உட்கார்ந்தது.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுவதே நல்லது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகி, ஒவ்வொரு நாற்காலிக்கும் இந்த ஊர்க்காரர் ஒருவரும் அந்த ஊர்க்காரர் ஒருவருமாக நின்றுகொண்டு, ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்த காலம் அது. பிள்ளை நாஞ்சில் நாட்டுக்காரர். திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. கரமனையில் குடியிருப்பு. வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, துணி துவைக்கிற கல், அந்தக் கல்லிலிருந்து வழிகிற தண்ணீர் போய்த் தேங்குகிற இடத்தில் நாலைந்து வாழை, கொஞ்சம் சேம்பு. மனைவி பெயர் உலகம்மை. ஒரே மகள் மங்கலம்.

அந்த மங்கலத்தைத்தான் வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பறக்கையில் கோலப்ப பிள்ளை என்று ஒருவர். பார்வத்தியம் பார்த்து, அதாவது ஒரு பகுதியின் நிலவரியைப் பிரித்துச் சர்க்காருக்குக் கட்டி, ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் திரவியம் பள்ளிக்கூட வாத்தியார். மங்கலத்துக்கு இதற்கு முன் வந்த இரண்டு இடமும் ஜாதகத்தில் தட்டிப் போயின. "இதுவும் தட்டிச்சுண்ணா, பொறவு ரெண்டாந்தாரத்துக்குக் கேட்டுத்தான் வருவான். அதுக்கும் இப்பமே மனசைத் தயார் பண்ணி வச்சுக்கிடுங்கோ" என்று உலகம்மை சொல்லியிருந்தாள். பிள்ளை அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு வேண்டும். லீவு தர வேண்டியவர் சூப்பிரண்டு சேஷய்யர். வலியசாலைக்காரர். லீவு என்ற சொல் காதில் விழுந்தால் அவர் முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஆகிவிடும். ஆனால் அவருக்குப் பட்சிகள் மேல் ஒரு பித்து உண்டு என்பது ஆபீஸ் முழுக்கத் தெரியும். ஆகவே பிள்ளை, நேரே லீவுக்குப் போகாமல், பட்சி வழியாகப் போனார்.

"சார், எங்க கிணத்தடியில ஒரு புதுக் குருவி வருது சார். தவிட்டு நெறம். தொண்டையில மட்டும் நல்ல நீலம், நடுவுல ஒரு செம்மண் பொட்டு. தண்ணி நிக்க எடத்துல புழு பொறுக்கும். வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டும்."

சேஷய்யர் பேனாவை மூடினார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, உட்காராமல் நின்றார்.

"குரலைத் தாழ்த்தும் ஓய். நீலத்தொண்டை! இந்தத் தெற்கு மூலைக்கு அது வந்ததா எங்க சபையிலே இதுவரை பதிவே இல்லை. யார் யார் பார்த்தா?"

"நான் பாத்தேன். வீட்டுல பாத்தா. மக பாத்தா. மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்க சுசீலாபாயும் எட்டி..."

"போதும் ஓய், போதும்! இப்படியா ஒரு பட்சியைக் கண்டவாளுக்கெல்லாம் காட்டிக் கெடுத்து வைப்பீர்?"

பிள்ளை பயந்துபோய், "இனிமே பாக்க மாட்டோம் சார்" என்றார்.

"நீர் பாரும். பாதகமில்லை. நீர் பார்த்தது பார்வையே இல்லை. சும்மா கண்ணிலே பட்டது. மாட்டுக்கும்தான் படறது. பார்க்கிறதுன்னா அதுக்கு ஒரு அங்கத்தினர் வேணும், அவருக்கு ஒரு முறை வேணும்."

அந்த முறையை அவர் விளக்கினார். ஐக்கிய திருவிதாங்கூர் கொச்சி பட்சி தர்சன சபையின் காரியதரிசி அவர். எங்கேயாவது அபூர்வப் பட்சி ஒன்று வந்ததாகத் தகவல் கிடைத்தால், அந்தத் தகவல் முதலில் தலைவருக்குப் போக வேண்டும். தலைவர் வந்து பார்த்துத் தலையசைத்த பிறகு உபதலைவருக்கு. அவர் பார்த்த பிறகு நிர்வாகிகளுக்கு. அப்படியே மூப்பு முறைப்படி இறங்கி, கடைசியாகச் சந்தா பாக்கி வைத்த அங்கத்தினர் வரைக்கும். மூத்தவர் காணாத பட்சியை இளையவர் காணலாகாது. கண்டால் அங்கத்தினர் பதவி போய்விடும்.

இதில் கஷ்டம் என்னவென்றால், ராஜ்யம் ஒன்றானபோது இரண்டு ஊர்ச் சபைகளும் ஒன்றாகிவிட்டன. தலைவர்கள் மட்டும் ஒன்றாகவில்லை. திருவிதாங்கூர்த் தலைவர், ஒரு ஜில்லாவையே ஆண்டு ஓய்வு பெற்ற பேஷ்கார் மாதவன் தம்பி; தம்பி என்பது அவர் குடும்பப் பட்டம். கொச்சித் தலைவர் ராவுண்ணி மேனோன். இவர்களில் யார் முதலில் காண்பது என்று முடிவாகவில்லை. இதற்குள் மூன்று அபூர்வப் பட்சிகள் வந்து, காத்திருந்து பார்த்து, போய்விட்டன. "பட்சிகளின் ஒத்துழைப்பு இவ்வாண்டு திருப்திகரமாக இல்லை" என்று சபையின் வருடாந்திர அறிக்கையில் சேஷய்யரே எழுதியிருந்தார்.

"அப்போ, வெள்ளிக்கிழமை லீவு..." என்று பிள்ளை மெல்ல இழுத்தார்.

"வெள்ளிக்கிழமையா? இன்னிக்கே கிளம்பும்! பட்சி போற வரைக்கும் ஆபீஸ் பக்கம் தலை காட்டாதேயும். போய் அதைப் பத்திரமாப் பார்த்துக்கும்."

பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். வழியில் பூவும் வாங்கினார்.

மறுநாள் விடிந்ததும் சபை அங்கத்தினர்கள் வந்துவிட்டார்கள். தகவல் ரகசியம், தலைவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் போகக் கூடாது. ஆகவே எல்லாரும் வந்திருந்தார்கள். தோலுறையில் போட்ட தூரதரிசினிக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிணற்றடியைச் சுற்றி வளைத்து, பட்சிக்கு முதுகைக் காட்டி வெளிப்புறம் பார்த்து நின்றார்கள். குருவியோ வாழையடி மூட்டில் தாவித் தாவிப் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. சிலசமயம் அவர்கள் செருப்புக்கு அருகிலேயே வந்து வாலைத் தூக்கிற்று. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

அவர்களில் காலேஜில் விலங்கியல் நடத்துகிற சத்தியதாஸ் என்பவர் பிள்ளைக்கு நேர் எதிரே சுவரைப் பார்த்து நின்றார். பிள்ளை இரக்கப்பட்டு, "சார், குருவி உங்க காலுக்குப் பின்னாலதான் நிக்கு. லேசாத் திரும்பினா போதும்" என்றார்.

"எந்தக் குருவி?" என்று கேட்டார் சத்தியதாஸ்.

"பாக்க வந்திருக்கியளே, அந்தக் குருவி."

"இங்க குருவி இருக்குண்ணு எனக்கு இன்னும் தெரியாது, கேட்டேளா? தெரிவிப்பு வந்ததும் எனக்குத் தெரியும். அப்பம் திரும்புவேன். நான் பதினெட்டு வருஷமா பட்சி நிரீட்சணம் செய்யக்கூடிய ஆளு. அவசரப்பட்டு ஒரு பட்சியையும் இதுவரை பார்த்தது கிடையாது."

பட்சி கலையக் கூடாது என்று சேஷய்யர் வீட்டாருக்குச் சில ஏற்பாடுகளைச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் கோரக் கூடாது, கப்பி கத்தும். கல்லில் துணி அடிக்கக் கூடாது. அம்மி, ஆட்டுக்கல் கூடாது. கொடியில் சிவப்புச் சேலை கூடாது. தும்மல் வந்தால் தெருவுக்குப் போய்த் தும்ம வேண்டும்.

உலகம்மை அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு உள்ளே போய்ப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"கிணத்துல தண்ணி கோரப்படாது, அம்மியில அரைக்கப்படாது. அப்பம் வெள்ளிக்கிழமை வாறவாளுக்கு அந்தக் குருவியா சொஜ்ஜி கிண்டிக் குடுக்கும்?"

"மெதுவாப் பேசு. சூப்பிரண்டு நிக்காரு."

"நிக்கட்டும். முதுகைத்தானே காட்டிக்கிட்டு நிக்காரு! என் வீட்டுக் கிணத்தடியில பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைங்க சுவரைப் பாத்து நிண்ணா, நானும் எம்மவளும் எங்க போயி குளிக்க?"

"சுசீலாபாய் வீட்டுல..."

"அங்கயும் ரெண்டுபேரு மதிலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கானுவோ."

மங்கலம் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி நாலாவது வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் கொண்டுவந்தாள்.

அன்று மத்தியானம் பேஷ்கார் தம்பி வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய நாற்காலி வந்தது. பின்னால் குடை வந்தது. நேரே பட்சியைப் பார்க்கத் திரும்பியவரைச் சேஷய்யர் கைகூப்பித் தடுத்தார்.

"எஜமான் மன்னிக்கணும். கொச்சித் தலைவர் காரிலே வந்துண்டே இருக்கார்."

"எந்தா சேஷய்யரே! கரமனை திருவிதாங்கூர் அல்லே? ஞானல்லாதே யார் முதலில் காணணும்? எண்டெ காலத்தில் ஒரு பட்சி திவானுக்கு முன்னே காக்கா எண்ணு சத்தமிடாது."

ராவுண்ணி மேனோன் வந்து சேர்ந்ததும் விஷயம் சட்டரீதியாக ஆயிற்று. மேனோன் வக்கீல். இருவரும் கிணற்றுக்கு முதுகைக் காட்டி, ஒருவருக்கொருவர் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு வாதித்தார்கள்.

"பட்சி வடக்கே நின்னு வந்நது" என்றார் மேனோன். "வடக்கே நின்னு வரணும் என்றால், கொச்சி மேலே பறந்நு கடந்நு வரணும். அப்போ ஆதியம் கொச்சிப் பட்சி, பின்னேதான் திருவிதாங்கூர்ப் பட்சி. எனக்குத்தான் முதல் அவகாசம், முதல் பாத்தியதை."

"கொச்சியில் அது இறங்கியில்லா" என்றார் தம்பி. "இறங்கத்தக்க இடமாகத் தோன்றியிருக்காது."

அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்பதா வருத்தம் தெரிவிப்பதா என்பதில் ஒரு சாயங்காலம் போயிற்று. மறுநாள் ஒரு சமரசம் பிறந்தது. இரண்டு தலைவர்களும் ஒரே கணத்தில் காண வேண்டியது. அதற்காக இருவர் கண்ணையும் நேரியது என்கிற மேல்துண்டால் கட்டிப் பட்சியைப் பார்க்கத் திருப்பி உட்கார வைப்பது. "இப்போ" என்ற குரல் கேட்டதும் இரண்டு கட்டையும் ஒருங்கே அவிழ்ப்பது. பட்சி வந்திருக்கிறதா என்று பார்த்துக் குரல் கொடுக்கிறவன், தலைவர்களுக்கு முந்திப் பார்த்தவன் ஆகிவிடுவானே என்று சத்தியதாஸ் சுவரைப் பார்த்தபடியே ஆட்சேபித்தார். எல்லாரும் திகைத்தார்கள். யாருடைய பார்வை பார்வையாகாதோ, அப்படிப்பட்ட ஒருவர் வேண்டும்.

சேஷய்யர் பிள்ளையின் தோளில் கையைப் போட்டார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர் பிள்ளையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"ஓய், உமக்குக் கிடைச்ச பாக்கியம் யாருக்கும் கிடைக்காது. வெள்ளிக்கிழமை காலம்பற முகூர்த்தம் வைச்சிருக்கு."

பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"சார், வெள்ளிக்கிழமை காலையிலதான் சார் மகளைப் பெண் பாக்க வாறாங்க. அதுக்குத்தான் சார் நான் லீவே கேட்டேன். சனிக்கிழமை வச்சுக்கிடப்படாதா?"

"என்ன ஓய் இது, விவரம் இல்லாம பேசறீர்! பட்சி பறந்துபோயிடும். பொண்ணு எங்கே போகப் போறது?"

வெள்ளிக்கிழமை நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கோலப்ப பிள்ளை வீட்டார் நடந்து வந்தார்கள். கோலப்ப பிள்ளை, அவர் சம்சாரம், மாப்பிள்ளை திரவியம். வாசலில் கார் நின்றது. நடைவாசலில் இரண்டு பேர் வாயில் விரலை வைத்து வரவேற்றார்கள். பிள்ளை ஓடிவந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும்படி சம்பந்திமாரிடம் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டார்.

"என்ன வே, வீட்டுல ஏதும் விசேஷக் கேடா?" என்று கோலப்ப பிள்ளை கலங்கிப்போய்க் கேட்டார்.

"இல்லை அண்ணாச்சி. ஒரு குருவி வந்திருக்கு."

"குருவியா?"

"பேஷ்கார் தம்பி எஜமானும் வந்திருக்காரு. அதைப் பாக்க."

கோலப்ப பிள்ளையின் முகம் மாறிற்று. பார்வத்தியம் பார்த்த இருபத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு பேஷ்காரைத் தாழ்வாரத்துத் தூண் மறைவிலிருந்து ஒரே தடவை கண்டிருக்கிறார். அன்றைக்கும் பேஷ்கார் முதுகைத்தான் கண்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பேஷ்கார் ஏமான் வந்து இருக்கப்பட்ட வீடா? முன்னமே சொல்லப்படாதா வே! ஏலே திரவியம், சட்டைப் பொத்தானைப் போடு."

கூடத்துக்குக் கிணற்றடியைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியாக வாழைமூடு நன்றாகத் தெரியும். சேஷய்யர் உள்ளே வந்து நிலைமையைப் பார்த்தார். ஜன்னலைச் சாத்தினால் சத்தம் கேட்கும். திறந்திருந்தால் இவர்கள் தலைவர்களுக்கு முந்திக் கண்டுவிடுவார்கள்.

"நீங்கள்ளாம் சுவரைப் பார்க்க உட்கார்ந்துக்குங்கோ" என்றார். "தலைவர்கள் பார்த்தானதும் நான் வந்து சொல்றேன். அப்புறம் எதை வேணும்னாலும் பார்க்கலாம்."

"சார், அவங்க குருவி பாக்க வரலை. அங்கத்தினரும் இல்லை. அவங்க பாத்தா ஒண்ணும் ஆகாதே, என்னைப் போல..." என்று பிள்ளை கெஞ்சினார்.

"ஓய், உம்மை நான் பல வருஷமாப் பார்த்திண்டிருக்கேன். உம்ம பார்வைக்கு நான் ஜாமீன். இவாளை எனக்குத் தெரியாது. ரிட்டயரான உத்தியோகஸ்தர் வேறேங்கறீர். இவர் பார்வை ஒருவேளை பார்வையாயிடுத்துன்னா?"

கோலப்ப பிள்ளைக்கு அந்த வார்த்தையில் உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. தம் பார்வைக்கு இவ்வளவு கனம் உண்டென்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. "ஏமான் உத்தரவு" என்று சொல்லி, சம்சாரத்தையும் மகனையும் தோளைப் பிடித்துத் திருப்பி, ஜமுக்காளத்தில், முருகன் படம் மாட்டிய சுவரைப் பார்க்க உட்கார வைத்து, தாமும் உட்கார்ந்தார்.

அந்த நிலையில்தான் பெண் பார்க்கும் சடங்கு நடந்தது. மங்கலம் மாம்பழ நிறப் பட்டு உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, காப்பித் தட்டோடு வந்தாள். மூன்று முதுகுகள் உட்கார்ந்திருந்தன. யாருக்கு முன்னால் நிற்பது என்று தெரியாமல் அவள் தாயாரைப் பார்த்தாள். உலகம்மை கைஜாடை காட்டினாள். மங்கலம் மூன்று முதுகுகளுக்கும் நமஸ்காரம் செய்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தோளுக்கு மேலால் நீட்டினாள். கைகள் பின்னால் வந்து வாங்கிக்கொண்டன.

"காப்பி நல்லா இருக்கு" என்று கோலப்ப பிள்ளை சுவரிடம் சொன்னார். "குட்டி நடக்கப்பட்ட சத்தமே கேக்கலை. அடக்கமான பிள்ளைதான். ஏமான் பாத்தானதும் திரும்பி முகத்தையும் பாத்துருவோம். பாத்தாச்சுண்ணா தாம்பூலம் மாத்த வேண்டியதுதான்."

உலகம்மைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கிணற்றடியில் தலைவர்கள் இருவரும் நேரியதால் கண்ணைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் கண்ணைக் கொச்சி அங்கத்தினர் ஒருவர் கட்டினார். மேனோனின் கண்ணைத் திருவிதாங்கூர் அங்கத்தினர் ஒருவர் கட்டினார். ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருக்கட்டும் என்று சபை செய்த ஏற்பாடு. முடிச்சுகள் அந்த நம்பிக்கைக்குத் தக்கபடி இறுகியிருந்தன. பிள்ளை ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நின்றார்.

குருவி வந்தது. துவைகல்லில் ஏறி நின்றது. வெயில் அதன் தொண்டையில் பட்டு நீலம் பளீரென்றது.

"இப்போ!" என்றார் பிள்ளை.

தம்பியின் கட்டு அவிழ்ந்து வந்தது. மேனோனின் கட்டு அவிழவில்லை. தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டார். "கெட்டு அழிச்சோ? மேனோனே, அவிழ்ந்நோ?" என்று கூவினார்.

"அழியலை! இது கெட்டல்ல, சதி!" என்று மேனோன் எழுந்து நின்று, நாற்காலியை உதைத்துத் தள்ளினார்.

குருவி பறந்தது. வாழை மேலாக, மதில் மேலாக, ஆற்றுப் பக்கம் போயிற்று. அதைப் பிள்ளை கண்ணால் கண்டார்.

"கத்தரி! யாராவது கத்தரி கொண்டு வாங்கோ!" என்று சேஷய்யர் அலறினார்.

மற்றவர்கள் யாரும் திரும்ப முடியாது. கூடத்தில் காலித் தட்டோடு நின்ற மங்கலம், தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பட்டுச்சேலை சரசரக்கக் கிணற்றடிக்கு ஓடினாள். முடிச்சை வெட்டினாள். இரண்டு தலைவர்களும் ஒரே கணத்தில், முறைப்படி, காலியான துவைகல்லைக் கண்டார்கள்.

சபை அங்கேயே கூடிற்று. பட்சி ஏன் பறந்தது என்பதுதான் கேள்வி. தலைவர்களின் குரலால் பறந்தது என்று எந்தத் தலைவரும் ஒப்புக்கொள்வதற்கில்லை. அங்கத்தினர் எவரும் அசையவில்லை. ஒருவருக்கொருவர் முதுகு சாட்சி. அசைந்தது யார் என்று பார்த்தால் ஓர் ஆள்தான் இருந்தாள்.

"சார், அவ வாறதுக்கு முன்னாலயே குருவி போயிட்டு சார்! நான் பாத்தேன்" என்றார் பிள்ளை.

சேஷய்யர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். "நீர் பார்த்தது பார்வையில்லைன்னு முதல் நாளே சொன்னேனே ஓய். அதுக்காகத்தானே உம்மைப் பார்க்கவே விட்டோம்!"

தீர்மானத்தைச் சேஷய்யர் உரக்கப் படித்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"நூறாண்டுகளில் வாராத நீலத்தொண்டைப் பட்சி, இந்த வீட்டின் புத்திரி மங்கலம் என்பவளுடைய காலடி பட்டதால் கலைந்து பறந்துபோயிற்று என்று சபை ஏகமனதாகக் காண்கிறது."

தம்பியும் மேனோனும் கையெழுத்திட்டார்கள். ஐக்கியத்துக்குப் பிறகு இரண்டு தலைவர்களும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை. அங்கத்தினர்கள் கைதட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கூடத்தில் கோலப்ப பிள்ளை எழுந்திருந்தார். திரும்பவில்லை. சுவரோரமாகவே நகர்ந்து வாசலுக்குப் போனார். சம்சாரமும் மகனும் அப்படியே போனார்கள்.

"அண்ணாச்சி, குட்டியை ஒரு நோட்டம் பாத்துட்டுப் போங்கோ" என்று பிள்ளை பின்னாலேயே ஓடினார்.

"எதுக்கு வே? நூறு வருஷத்துக்கு ஒருக்க வந்த லெச்சுமி, இவ காலு பட்டதும் பறந்துட்டுண்ணு பேஷ்காரு ஒப்புப் போட்டாச்சு. எனக்கு ஒரே மவன்."

அதன்பின் பிள்ளை நடந்த நடையைச் சொல்லி முடியாது. அந்த ஒரு வாக்கியத்தை அழித்துத் தரும்படி சபைக்கு மனுக் கொடுத்தார். தம்பியைப் பார்த்தார். "பாவம் குட்டி" என்று தம்பி உருகினார். மேனோனுக்கு எழுதினார். மேனோனும் அனுதாபம் தெரிவித்துப் பதில் போட்டார். சபை கூடி, பிள்ளையை நிற்க வைத்து, ஒருவர் பாக்கியில்லாமல் இரக்கப்பட்டது. கடைசியில் சேஷய்யர் பேசினார்.

"ஒரு பொண்ணோட வாழ்க்கைன்னா சபைக்கு விளையாட்டில்லை. ஆனா அந்தத் தீர்மானத்தை எப்படி அழிக்கிறது? ரெண்டு தலைவர்களும் ஒத்துப் போன காரியம் இந்த ராஜ்யத்திலேயே அது ஒண்ணுதான். அதை அழிச்சா ஐக்கியமே அழிஞ்ச மாதிரி. அழிக்கிறதுக்கு வழியில்லை. ஆனா கூடுதலா ஒரு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்க விதி இடம் கொடுக்கறது."

கொடுத்தார்கள். சபை முத்திரை, இரண்டு தலைவர்கள் கையெழுத்து. பிள்ளை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பறக்கைக்குப் போனார்.

கோலப்ப பிள்ளை மரியாதையாக உட்கார வைத்தார். மோர் கொடுக்கச் சொன்னார். முத்திரையைக் கண்டதும் எழுந்து நின்று, பத்திரத்தை மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். திரவியம் வாசித்தான்.

"மேற்படி மங்கலம் என்பவள் பொதுவாகப் பட்சிகளுக்குக் கேடில்லாதவள் என்று சபை இதனால் நற்சாட்சி கூறுகிறது."

கோலப்ப பிள்ளை பத்திரத்தை வாங்கிப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"பட்சிகளுக்குக் கேடில்லை, சரி. மனுசருக்கு என்னண்ணு அதுல ஒண்ணும் எழுதலையே வே?"

பிள்ளை மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

பஸ் நிற்கிற ஆலமரத்தடி வரைக்கும் திரவியம் கூட வந்தான். பஸ் தூரத்தில் தெரிந்ததும் தொண்டையைக் கனைத்தான்.

"மாமா, நான் அண்ணைக்கு அவளைப் பாத்தேன்."

பிள்ளை நின்றுவிட்டார்.

"சுவத்துல முருகன் படம் கிடந்துல்லா? அந்தப் படத்துக் கண்ணாடியில தெரிஞ்சுது. காப்பி தரப்பட்ட நேரம் முழுக்கப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எனக்கு... எனக்குப் பிடிச்சிருக்கு மாமா."

பிள்ளை அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "அப்பனே! மக்களே! இதை அப்பாகிட்டச் சொல்லப்படாதா? பாத்தேன், பிடிச்சிருக்குண்ணு ஒரு வார்த்தை சொன்னா போதுமே! வா, இப்பமே திரும்பிப் போவோம்."

திரவியம் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். அவன் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"அதெப்படி மாமா? அப்பா இன்னும் பாக்கலையே. அவங்க பாக்காத பெண்ணை நான் முன்னால பாத்தேன்னு எப்படிச் சொல்ல?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் திருவனந்தபுரம், திருவனந்தபுரம் என்று கூவினான். பிள்ளை ஏறி உட்கார்ந்தார். திரவியம் கீழே நின்று, பெரியவர்களுக்குச் செய்கிற முறைப்படி, பஸ் நகர்கிற வரைக்கும் கைகூப்பிக்கொண்டே இருந்தான்.